அறுபது ஒரு மிஷின், அம்பத்தி ஒண்ணு வேற மிஷின்

தம்பி,

இத நீ முழுசா படிக்கணும். போன்ல பேசுனா ரெண்டாவது வார்த்தையிலயே "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு"ன்னு வெச்சிடுற. வாய்ஸ் மெசேஜ் அனுப்புனா வேகத்த ஏத்திவிட்டுக் கேக்குறியாம், உன் பொண்டாட்டியே சிரிச்சுக்கிட்டு சொல்லிட்டா. கடுதாசிய அப்படி ஓட்ட முடியாதுல்ல, அதான் பேனாவ எடுத்துட்டேன். கோவமா இருக்கேன்னு முதல்லயே சொல்லிடுறேன். ரெண்டு மாசத்துக்கு மேல முழுங்கி முழுங்கிப் பாத்தாச்சு, இனிமே முடியாது லா. நடுவுல எங்கயாவது உன் மேல பாசமா எழுதியிருந்தா அதப் பாத்து ஏமாந்துடாத, கோவம் அப்படியேதான் இருக்கு.

நடந்தது உனக்குத் தெரியாததில்ல, ஆனா நீ வரிசைய மறந்துட்ட, அதனால வரிசையா சொல்றேன். போன வருஷம் எனக்கு மார்ல கட்டி வந்துச்சு. வெட்டி எடுத்தாங்க. அதுக்கப்புறம் முடி கொட்டுற மருந்து ஏத்துனாங்க. அது முடிஞ்சதும், கட்டி திரும்ப வராம இருக்க மூணு வாரத்துக்கு ஒரு ஊசி, மொத்தம் பதினெட்டு ஊசின்னு அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க. நல்ல ஊசிதான், ஆனா சில பேருக்கு இருதயத்தக் கொஞ்சம் சோர்வாக்கிடும், அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவ இருதயத்த ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்னாங்க. அதுல ஒரு நம்பர் வரும், அது ரொம்ப எறங்கக் கூடாது. ஊசி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எடுத்தப்ப அறுபத்தி மூணு. அடுத்தது அறுபது. டாக்டரம்மா தலையாட்டிட்டு ஊசியத் தொடரச் சொல்லிட்டாங்க. ஒம்போது ஊசி முடிஞ்சு மூணாவது ஸ்கேனுக்கு நேரம் வந்தப்ப, அங்க வரிசை நீளம், ரெண்டு வாரம் தள்ளித்தான் தேதி கிடைச்சுது. ரெண்டு வாரம்தான்! நீ பொறுக்கல. "இந்த கவர்மென்ட் கதையெல்லாம் எனக்கு வேணாம்மா, நல்ல எடமாப் பாத்து எடுத்துருவோம்"னு பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துல இருக்குற தனியார் எடத்துக்குக் கூட்டிட்டுப் போன. குளுகுளுன்னு ஏர்கான், சோபா, குடிக்கத் தண்ணி போத்தல். அங்க வந்த நம்பர் அம்பத்தி ஒண்ணு.

அடுத்த வாரம் டாக்டரம்மா ரூம்ல என்ன நடந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? எனக்கு ஒவ்வொரு சொல்லும் இருக்கு. டாக்டரம்மா, அந்த சீனப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், பேப்பரப் பாத்துட்டு எங்கிட்ட திரும்பி, "ஆன்டி, மூச்சு வாங்குதா? கால் வீங்குதா?"ன்னு மலாய்ல கேட்டுச்சு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள நீ பதில் சொல்லிட்ட. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் என் தலைக்கு மேல இங்கிலீஷ்ல பேசுனீங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சியா? டாக்டரம்மா சொன்னது இதுதான்: இப்பத்திக்கு ஊசிய நிறுத்தி வெப்போம், இங்கயே திரும்ப ஒரு ஸ்கேன் எடுப்போம், பாத்துட்டு முடிவு பண்ணுவோம். நீ என்ன சொன்ன? "வேணாம் டாக்டர், ஊசியே வேணாம். ஹார்ட்தான் முக்கியம். அம்மாவும் அதத்தான் சொல்றாங்க." அம்மா எப்படா சொன்னேன்? நான் வாயே தொறக்கலயே! டாக்டரம்மா என்னப் பாத்துச்சு. நான் குனிஞ்சு என் செருப்பப் பாத்தேன். அந்தக் கணக்குல நான் ஒத்துக்கிட்டதா ஆயிடுச்சு.

ஏன் சும்மா இருந்தேன்னு நீ கேக்கலாம். நான் என்னையே கேட்டுக்கிட்டேன். அதுக்கு ஒரு பழைய கத இருக்கு, உங்கிட்ட சொன்னதில்ல. மேருல கையுறை தொழிற்சாலையில நான் இருபத்தி ரெண்டு வருஷம் தரம் பாக்குற கியூசி பிரிவுல இருந்தேன். கையுறை எவ்வளவு கனம்னு கேஜுங்கிற அளவுக் கருவிய வெச்சு அளந்து எழுதுறது என் வேல. எங்களுக்கு முதல் நாள்லயே சொல்லிக் குடுக்குற பாடம் ஒண்ணு உண்டு: கேஜ் மாத்துனா, ஒரே கையுறைய பழைய கேஜ்லயும் புது கேஜ்லயும் அளந்து ரெண்டையும் எழுதி வெக்கணும். இல்லாட்டி காலையில அளந்ததையும் சாயங்காலம் அளந்ததையும் பக்கத்துல வெச்சுப் பாக்கவே கூடாது. ஒருநாள் எங்க கேஜ சரிபாக்க அனுப்பிட்டு மாத்து கேஜ் ஒண்ணு குடுத்தாங்க. சூப்பர்வைசர் காலையிலேர்ந்தே எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்துக்கிட்டு இருந்தான், நானும் அவசரத்துல ரெண்டுலயும் அளக்கல. மத்தியானம் எடுத்த கையுறை எல்லாமே மெல்லிசாக் காட்டுச்சு. அந்த லைனப் பாத்துக்கிட்டவ சரோஜா. என்கூட ஒரே பஸ்ல வருவா, ஒரே டப்பாவுலேர்ந்து சோறு தின்போம். லைன சரியாப் பாக்கலன்னு அவள எல்லார் முன்னாடியும் திட்டி, பேக்கிங்குக்குத் தள்ளிட்டாங்க. கேஜ் மாறுனது எனக்குத் தெரியும். நான் சொல்லல. சொன்னா "நீ ஏன் ரெண்டுலயும் அளக்கல"ன்னு என் பக்கம் திரும்பும்ல. ஒரு வாரம் கழிச்சு பழைய கேஜ் வந்துச்சு, ரெண்டையும் வெச்சுப் பாத்தா மாத்து கேஜ்தான் குறைச்சுக் காட்டுது. அப்பவும் நான் வாயத் தொறக்கல. சரோஜா அதுக்கப்புறம் லைனுக்குத் திரும்பல, எங்கிட்ட பேசவும் இல்ல. நியாயந்தான். அவ எடத்துல நான் இருந்தா காறித் துப்பியிருப்பேன்.

இப்ப புரியுதா, அந்த அம்பத்தி ஒண்ணப் பாத்ததும் எனக்கு ஏன் அது மேல நம்பிக்க வரலன்னு? அந்த ஸ்கேன் எப்படி எடுக்குறாங்கன்னு நீ கம்ப்யூட்டர்ல பத்துப் பக்கம் படிச்சிருப்ப, நான் அப்பவே அதுக்கு அடியில மூணு தடவ படுத்தாச்சு. ரத்தத்துல கொஞ்சம் கதிர்வீச்சு மருந்தக் கலந்துடுறாங்க. நெஞ்சுல மூணு ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொரு துடிப்பா எண்ணிக்கிட்டே பெரிய கேமரா படம் எடுக்குது. இருதயத்துக்குள்ள நூறு பங்கு ரத்தம் நிறைஞ்சா, ஒரு துடிப்புல எத்தன பங்கு வெளிய போகுதுங்கிறதுதான் அந்த நம்பர். துடிப்பு ஒழுங்கா இருந்தாத்தான் கணக்கு ஒழுங்கா வரும். தாறுமாறாத் துடிச்சா கம்ப்யூட்டர் குழம்பிடும். அதோட, படத்துல இருதயத்தோட ஓரத்த யாரோ ஒருத்தர் உக்காந்து கோடு போட்டுக் காட்டுறாங்க. ஒருத்தர் கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் நம்பர் மாறும். கேமரா மாறுனாலும் மாறும். அந்தத் தனியார் எடத்து மிஷின நான் குத்தம் சொல்லல, அதுவும் நல்ல மிஷினாத்தான் இருக்கும். ஆனா அங்க எடுத்த நம்பர இங்க எடுத்த நம்பரோட பக்கத்துல வெச்சு "ஒம்போது எறங்கிடுச்சு, ஐயோ"ன்னு நீ அலறுனியே, அதத்தான் தாங்க முடியல. நீ ஷா ஆலம்ல தொழிற்சாலையில இஞ்சினியர்டா! உன் தொழிற்சாலையில எவனாவது இப்படிச் செஞ்சா சும்மா விடுவியா? அம்மா ஒடம்புன்னு வந்ததும் படிச்சதெல்லாம் பறந்து போச்சு.

சரி, இப்ப நான் செஞ்சதையும் சொல்லிடுறேன், இல்லாட்டி இது ஓரவஞ்சன ஆயிடும். அந்த ஸ்கேன் தைப்பூசத்துக்குப் பத்து நாள் முந்தி. நான் பால்குடம் எடுக்குறதா வேண்டியிருந்தேன், உனக்குத் தெரிஞ்சா நீ கத்துவன்னு சொல்லல. ஒரு வேளச் சாப்பாடு, மத்த நேரம் பால், பழம். படபடப்பு வராம இருக்க டாக்டரம்மா காலையில போடச் சொன்ன மாத்திரை ஒண்ணு இருக்குல்ல, வெறும் வயித்துல போட்டா தல சுத்துது. விரதம் இருக்குறப்ப மாத்திரைக்காகச் சாப்பிட முடியுமா? நானே பெரிய டாக்டர் மாதிரி முடிவு பண்ணி, பன்னெண்டு நாளா போடாம இருந்தேன். முருகன் பாத்துப்பான்னு நெனச்சேன். முருகன் என்ன பண்ணுவான், மாத்திரைய அவனா முழுங்குவான்? போதாக்குறைக்கு அன்னிக்குக் காலையில கட்டியா ரெண்டு கப் கோப்பி. காடியில ஏறி நீ வண்டிய எடுத்ததுலேர்ந்து நீயும் நானும் சண்ட. என் பண்டமாரான் வீட்டப் பூட்டிட்டு பூச்சோங்குல உன் வீட்டோட வந்துடுன்னு நீ, வரமாட்டேன்னு நான், ஃபெடரல் ஹைவே ஜாம் முழுக்க அதே பேச்சு. நான் கேமராவுக்கு அடியில படுத்தப்ப நெஞ்சு திக்கு திக்குன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அந்த எடத்துப் பையன் ஸ்கிரீனப் பாத்துட்டு, "ஆன்டி, துடிப்பு கொஞ்சம் குதிக்குது, ரிலேக்ஸ் பண்ணுங்க"ன்னு ரெண்டு தடவ சொன்னான். வேற ஏதும் மாத்திரை போடுறீங்களான்னு கேட்டான். போடுறேன்னு சொன்னேன். போடாம விட்டத சொல்லல.

ஆக, மிஷினும் வேற, ஆளும் வேற, அன்னிக்கு என் இருதயமும் வழக்கமான இருதயமா இல்ல. இத்தனையும் எனக்குத் தெரிஞ்சும் டாக்டரம்மா முன்னாடி செருப்பப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். விரதம் இருந்தத சொன்னா நீ அங்கயே கத்துவ, அந்தப் பொண்ணு முன்னாடி மானம் போகும்னு பயம். அறுபத்தி நாலு வயசுல இப்படி ஒரு பயம், சொல்லவே வெக்கமா இருக்கு.

உன் பயம் எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. அப்பா நம்மள விட்டுப் போன அந்த ஞாயித்துக்கிழமை நீ ஃபார்ம் ஃபோர் படிச்சுக்கிட்டு இருந்த, பதினாறு வயசு. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவரு நெஞ்ச அழுத்துதுன்னாரு. துறைமுகத்துல வாரம் பூரா ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுன அலுப்பு, அதோட ஆட்டுக்கறி வேற, வாயுதான்னு நான் முடிவு பண்ணுனேன். தைலம் தேச்சுவிட்டேன். சீரகத்தண்ணி போட்டுக் குடுத்தேன். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா"ன்னு நீ ரெண்டு தடவ சொன்ன. "சும்மா இருடா, பெரிய மனுஷன் மாதிரி"ன்னு நான்தான் அடக்குனேன். நாலு மணிக்கு அவரு சாஞ்சப்ப பக்கத்து வீட்டு வேன்ல அவரு தலைய மடியில வெச்சுக்கிட்டு நீதான் வந்த. இத்தன வருஷத்துல நீ ஒரு தடவகூட என்னக் குத்திக் காட்டல. நானும் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கல. இப்பக் கேக்குறேன். அன்னிக்கு நான் செஞ்சது தப்பு, நீ சொன்னது சரி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க, உன்ன அப்படி அரள வெச்சது நான்தான். இருதயம்னு யாராவது சொன்னாலே உனக்கு அந்த வேன்தான் தெரியுது. ஆனா ஒண்ணு யோசிடா. அன்னிக்கு நான் அளக்காமலே வாயுன்னு முடிவு பண்ணுனேன். இன்னிக்கு நீ ஒரு நம்பரப் புடிச்சுக்கிட்டு, அது எப்படி வந்துச்சுன்னு கேக்காமலே முடிவு பண்ணிட்ட. ரெண்டு பேரும் அவசரக்காரங்கதான், நீ என் புள்ளைங்கிறதுல சந்தேகமே இல்ல.

இப்ப உனக்குத் தெரியாதது. போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மறுபடி ஸ்கேன் எடுக்க முடியுமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டேன். அங்க போன எடுத்த நர்ஸ் மிஸ்ஸி ஃபைலப் பாத்துட்டு, "டாக்டர் எழுதுன ஆர்டர் இங்கயே இருக்கு ஆன்டி, நீங்கதான் வரல"ன்னா. எனக்கு எங்கயாவது முட்டிக்கணும் போல இருந்துச்சு. தேதி குடுத்தா. அன்னிலேர்ந்து மாத்திரைய ஒரு நாள் விடாம போட்டேன். காலையில இட்லி தின்னுட்டு கொம்யூட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரல்ல எறங்கி, அங்கேர்ந்து டாக்சி. நீ போன் பண்ணப்ப பாசார்ல காய் வாங்குறேன்னு சொன்னேன்ல, டாக்சியிலதான் இருந்தேன்.

முதல் ரெண்டு ஸ்கேனும் எடுத்த அதே மலாய்க்காரப் பொண்ணுதான் இருந்தா. இந்தத் தடவ நான் செருப்பப் பாக்கல. "அடிக், தங்கச்சி, போன ஸ்கேன வேற எடத்துல எடுத்துட்டோம், அப்ப மாத்திரையும் போடல, விரதம் வேற. இப்ப எடுக்குறத, நீங்க இங்க எடுத்த பழைய படத்தோட வெச்சு, நீங்களே கோடு போட்டுப் பாக்க முடியுமா?"ன்னு எனக்குத் தெரிஞ்ச மலாய்ல கேட்டேன். அவ என்ன ஒரு மாதிரிப் பாத்துட்டு, "ஆன்டி முன்னாடி என்ன வேல பாத்தீங்க?"ன்னா. கியூசின்னேன். "அதான பாத்தேன்!"னு சிரிச்சா. நாடியப் பாத்துட்டு, கால் மணி நேரம் சும்மா உக்கார வெச்சு, துடிப்பு ஒழுங்கானதும்தான் எடுத்தா. பழைய படத்தையும் தொறந்து மறுபடி கோடு போட்டா. அவளே போட்ட பழைய கோடுதான், மறுபடி போட்டப்ப அறுபது அம்பத்தி ஒம்போதா வந்துச்சு. ஒரே படம், ஒரே ஆளு. பாத்துக்கோ.

புது நம்பர் அம்பத்தி அஞ்சு.

எனக்கு அழுக வந்துச்சு, மறைக்க மாட்டேன். அறுபதுன்னு வரும், அதக் கொண்டாந்து உன் மூஞ்சியில வீசலாம்னு இருந்தேன். அம்பத்தி அஞ்சு வந்தா நீயும் ஜெயிக்கல, நானும் ஜெயிக்கல. "பாத்தியாம்மா, எறங்கித்தான் இருக்கு"ம்ப நீ. "பாருடா, அம்பத்தி ஒண்ணு இல்ல"ம்பேன் நான். டாக்டரம்மாகிட்ட தனியா உக்காந்து விரதம், மாத்திரை, கோப்பி, சண்ட எல்லாத்தையும் கொட்டுனேன். அந்தப் பொண்ணு திட்டுச்சு. நல்லாத் திட்டுச்சு. மாத்திரைய நிறுத்துறது எவ்வளவு ஆபத்துன்னு விரல ஆட்டி ஆட்டிச் சொல்லிட்டு, அப்புறம் பேப்பர என் பக்கம் திருப்பி வெச்சுச்சு. ஒரே மிஷின்ல எடுத்தாலும் நாலஞ்சு அப்படி இப்படி வரும் ஆன்டி, அதனால இது வெறும் மிஷின் வித்தியாசமாவும் இருக்கலாம், ஊசி உங்க இருதயத்தக் கொஞ்சம் தொட்டிருக்கவும் செய்யலாம், எதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அம்பதுக்கு மேல இருக்கு, மூச்சு வாங்கல, கால் வீங்கல. ஊசியத் தொடரலாம். தொடர்ந்தா ஒன்றரை மாசத்துல திரும்ப இங்கயே எடுப்போம், இறங்குனா உடனே நிறுத்துவோம். தொடரலன்னாலும் தப்புன்னு சொல்ல மாட்டேன். இதுதான் அந்தப் பொண்ணு சொன்னது. "உங்க அம்மாவா இருந்தா என்ன சொல்லுவீங்க?"ன்னு கேட்டேன். "எங்கம்மா நான் சொல்றதக் கேக்கவே மாட்டாங்க"ன்னுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அப்புறம் கேட்டுச்சு, "உங்க மகன்கிட்ட பேசிட்டுச் சொல்றீங்களா?"

தம்பி, இந்த ரெண்டு மாசத்துல நீயும் நானும் சேந்து போடாம விட்ட அந்த மூணு ஊசி, போனது போனதுதான். அதனால என்ன ஆகும்னு கேட்டேன், தெரியாது ஆன்டின்னு உண்மையச் சொல்லிடுச்சு. உனக்கு ராத்திரி தூக்கம் வராம இருக்குறது இருதயத்த நெனச்சு. எனக்கு, குளிக்கிறப்பெல்லாம் கை தானா கட்டி வந்த பக்கத்துக்குப் போயி தடவித் தடவிப் பாக்குது. நீ ஒரு தடவகூட அதப் பத்திக் கேட்டதில்ல. அப்பா மாதிரி நான் போயிடுவேனோன்னு நீ பயப்படுற. அந்தக் கட்டி திரும்ப வந்து கொஞ்சங் கொஞ்சமாப் போவேனோன்னு நான் பயப்படுறேன். ரெண்டு பயத்துக்கும் நியாயம் இருக்கு. ஆனா ஒடம்பு என்னோடதுடா. எந்தப் பயத்தோட வாழணும்னு நான்தான் சொல்லணும், நீ எனக்காகச் சொல்லக் கூடாது.

"வேணாம், நானே சொல்றேன்"னேன். பேனா வாங்கி, ஊசியத் தொடரச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டேன்.

பத்தாவது ஊசி வர்ற வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு. எனக்குப் பயமா இருக்கு, நீ வந்தா நல்லா இருக்கும். ஆனா டாக்டரம்மா என்னக் கேட்டா நான் பதில் சொல்லுவேன். நீ என் பைய மடியில வெச்சுக்கிட்டு வாய மூடிட்டு உக்காந்திரு.

அம்மா